மரக் கயாக்கின் அடியில் தேய்ந்துபோன ஃபைபர் துணி: எதை உரிப்பது, எதை விடுவது?

ஏரிக்காற்று (ஸ்கார்பரோ, ஒன்டாரியோ)

அனைவருக்கும் வணக்கம். 2015-ஆம் ஆண்டு என் வீட்டு கராஜில் நானே கட்டிய கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். ஏறத்தாழ 5.2 மீட்டர் நீளம். 6 மில்லிமீட்டர் கனமுள்ள வெஸ்டர்ன் ரெட் சீடர் கீற்றுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, வெளியே சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணியும் உள்ளே அதைவிட மெல்லிய துணியும் எப்பாக்ஸி என்ற இருபகுதிப் பசையில் படியவைத்து, மேலே வார்னிஷ் பூசியது. பெரும்பாலும் ப்ளஃபர்ஸ் பார்க்கிலிருந்து ஒன்டாரியோ ஏரியிலும், கோடையில் ஜார்ஜியன் வளைகுடாவின் கிழக்குக் கரையிலும் ஓட்டுகிறேன். ஏரிக்கரையில் மட்டிச் சிப்பிகளின் கூர்மையான ஓடுகள், வளைகுடாவில் கிரானைட் பாறை என இரண்டுமாகச் சேர்ந்து அடிப்பாகத்தைத் தேய்த்துவிட்டன.

இப்போது மூன்று இடங்கள் கவலை தருகின்றன. ஏரா (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுத்தண்டு) நெடுகிலும் வார்னிஷ் போய்க் கீறல்கள் விழுந்துள்ளன. பின்முனையில், கரையில் இழுத்து ஏற்றும்போது தரையில் படும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குத் துணியின் நெசவு வெளியே தெரிகிறது. அதன் நடுவில் ஒரு நாணய அளவுக்குத் துணியே இல்லாமல் மரம் கறுத்திருக்கிறது. இருக்கைக்கு நேர் கீழே, துணி கிழியாமலே உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு ஒன்று உள்ளது. முழுத் துணியையும் உரித்துவிட்டுப் புதிதாகப் போடுவதா, இருப்பதன் மேலேயே இன்னொரு துணியை ஒட்டிவிடுவதா என்று முடிவு செய்ய முடியவில்லை. அருகிலுள்ள வாகன உதிரிபாகக் கடையில் பாலியெஸ்டர் ரெசினும் துணியும் சேர்ந்த பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. அது போதுமா?

சீடர்கீற்று (பீட்டர்பரோ அருகில்)

இரண்டுமே வேண்டாம், ஐயா. பத்தாண்டுகளாக ஒட்டியிருக்கும் நல்ல துணியை உரிப்பது வீண் வேலை மட்டுமல்ல, உரிக்கும்போது சீடர் நாரும் கூடவே பிய்ந்து வரும். அதேபோல், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மேலே துணி ஒட்டினால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். உங்கள் மூன்று இடங்களும் ஒரே நோயின் மூன்று நிலைகள் அல்ல. மூன்றும் வெவ்வேறு பழுதுகள் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்த வகைக் கட்டுமானத்தில் 6 மில்லிமீட்டர் சீடர் தானாக நின்று பாரம் தாங்குவதில்லை. உள்ளேயும் வெளியேயும் உள்ள இரண்டு கண்ணாடி இழைத் தோல்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி நிறுத்தும் நடுப்பொருளாகவே மரம் அங்கே இருக்கிறது. வளைப்பு வரும்போது ஒரு தோல் இழுவையையும் மற்றது அழுத்தத்தையும் தாங்குகின்றன. ஆகவே தேய்மானம் மேற்பூச்சோடு நிற்கிறதா, இழையை அறுத்துவிட்டதா, இழைக்கும் மரத்துக்கும் இடையிலான பிடிப்பையே விடுவித்துவிட்டதா என்பதுதான் முதற்கேள்வி.

ஏரா நெடுகிலும் உள்ள கீறல்களை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். நீர் பட்டதும் கண்ணுக்கு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வெளுப்பவை வார்னிஷிலோ எப்பாக்ஸி மேற்பூச்சிலோ நிற்கும் கீறல்கள். அவற்றுக்குத் துணி தேவையில்லை. தேய்த்துச் சுத்தம் செய்து எப்பாக்ஸி பூசினால் போதும். விரலை ஓட்டும்போது நார் நாராகக் குத்தினால் அங்கே இழை அறுந்திருக்கிறது என்று பொருள். இருக்கைக்குக் கீழுள்ள திட்டை ஒரு நாணயத்தால் தட்டி, பக்கத்திலுள்ள நல்ல இடத்தின் ஓசையோடு ஒப்பிடுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். துணி மரத்தை விட்டுப் பிரிந்த இடத்தில் ஓசை மழுங்கிப் போகும். ஓசை மழுங்கும் எல்லையைப் பென்சிலால் வரைந்துவையுங்கள். அந்தக் கோடு பெரும்பாலும் வெளிறிய திட்டைவிட அகலமாகவே வரும்.

முட்டம்_வள்ளம் (கன்னியாகுமரி மாவட்டம்)

எங்கள் பக்கத்தில் ஃபைபர் வள்ளங்களைப் பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால் இந்த உரையாடலில் கலந்துகொள்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றின் அடிப்பாகம் மணலில் தேய்ந்து மேட் (நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பாய்போலச் சேர்த்தது) தெரியும் நிலைக்கு வருவது எங்களுக்கு அன்றாடக் காட்சி. தேய்த்துச் சுத்தம் செய்து, பாலியெஸ்டர் ரெசினில் இரண்டு அடுக்கு மேட் போட்டு, மேலே ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சை அடித்துவிட்டால் மறுநாளே கடலுக்குப் போகலாம். செலவும் எப்பாக்ஸியைக் காட்டிலும் பல மடங்கு குறைவு. நாணய அளவு ஓட்டைக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். உழைக்கும் படகுகளில் நாள்தோறும் நிலைத்து நிற்கும் பொருள் இங்கே ஏன் நிற்காது என்பதை அறிய விரும்புகிறேன்.

இழைவேதியியல் (ஹாமில்டன்)

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் வள்ளத்தின் உடலே பாலியெஸ்டரால் ஆனது. அதன் மேல் பாலியெஸ்டர் நன்றாகவே பிடிக்கும். இங்கே அடியில் இருப்பவை இரண்டு: ஒன்று சீடர் மரம், மற்றது முழுதாக இறுகிய எப்பாக்ஸி. இரண்டின் மேலும் பாலியெஸ்டர் நம்பத்தக்கதாகப் பிடிப்பதில்லை. பாலியெஸ்டர் இறுகும்போது கணிசமாகச் சுருங்குகிறது. மரமோ ஈரத்துக்கேற்பப் பருத்தும் ஒடுங்கியும் அசைந்துகொண்டே இருக்கும் பொருள். சுருங்கிய, நொறுங்கும் தன்மையுள்ள அடுக்கு அந்த அசைவைத் தாங்காமல் விளிம்பில் தூக்கிக்கொள்கிறது. எப்பாக்ஸி அதைவிட மிகக் குறைவாகவே சுருங்கும். மரத்தின் நுண்துளைகளிலும் நன்றாக ஊறிப் பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. எப்பாக்ஸி ரெசினை இறுகச் செய்யும் ஹார்ட்னர், அமீன் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. முழுதும் வினைபுரியாமல் மேற்பரப்பில் எஞ்சி நிற்கும் அமீன், மேலே பூசப்படும் பாலியெஸ்டரை இறுகவிடாமல் பிசுபிசுப்பாகவே நிறுத்திவிடக்கூடும். தலைகீழாக, பாலியெஸ்டர் படகின் மேல் எப்பாக்ஸியால் பழுதுபார்ப்பதில் தடை ஏதும் இல்லை. ஆகவே இந்தக் கயாக்கில் ஒருமுறை பாலியெஸ்டரைத் தொட்டுவிட்டால், அடுத்த பழுதின்போது அதை முழுவதும் சுரண்டியெடுத்த பிறகே எதையும் தொடங்க முடியும்.

மேட் பற்றியும் ஒரு சொல். மேட்டில் நறுக்கிய இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை, பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்றே அமைந்தது. எப்பாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் சாதாரண மேட் விறைப்பாகவே நின்று வளைவுகளில் படியாது. நெய்த துணிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

முட்டம்_வள்ளம்

விளக்கத்துக்கு நன்றி, தம்பி. இது எங்கள் ஊர் அனுபவத்தோடும் பொருந்துகிறது. முட்டத்தில் 1980-களிலேயே மரைன் ப்ளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடி இழை ஒட்டிப் படகு கட்டும் முறை வந்தது. அந்த வகைப் படகுகளில் இழை தேய்ந்து பழுதாவதைவிட, விளிம்பில் நீர் புகுந்து இழை மரத்தை விட்டுக் கழன்றுவரும் பழுதே எங்களுக்கு அதிகம் தொல்லை தந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தோல் முழுதாக இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே மரம் பஞ்சாகியிருக்கும். ஓடாவிகள் (படகு கட்டும் தச்சர்கள்) அந்த இடத்தில் கத்தி முனையைச் செருகிப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். கறுத்த மரத்தில் கத்தி எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால், அங்கே துணி ஒட்டுவதால் பயனில்லை. மரத்தையே மாற்ற வேண்டும். உங்கள் பின்முனையிலும் அதை முதலில் செய்து பார்த்துச் சொல்லுங்கள்.

ஏரிக்காற்று

சொன்னபடியே சோதித்தேன். ஏராவில் உள்ள கீறல்களில் பெரும்பாலானவை ஈரத்தில் மறைந்துவிடுகின்றன. இருக்கைக்குக் கீழே நாணய ஓசை மழுங்கும் எல்லை, சீடர்கீற்று ஐயா சொன்னது போலவே, திட்டைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக வந்தது. பின்முனையில் கத்தி முனை இறங்கவில்லை. மரம் கெட்டியாகவே இருக்கிறது. ஆனால் சுற்றியுள்ள எப்பாக்ஸியைச் சிறிது சுரண்டியதும், கறுப்பு நிறம் நாரின் போக்கிலேயே துணிக்கு அடியில் முன்னோக்கிப் படர்ந்திருப்பது தெரிந்தது. இதை எப்படி உலர்த்துவது? கறுப்பை நீக்க வேண்டுமா? துணியை எந்த அளவில் வெட்டுவது?

சீடர்கீற்று

கத்தி இறங்கவில்லை என்பது நல்ல செய்தி. நீர் பெரும்பாலும் நாரின் நீளத்தில்தான் ஓடும் என்பதால் முனையில் ஏற்படும் சிறு திறப்பு, பக்கவாட்டில் ஏற்படும் பெரிய திறப்பைவிடக் கூடுதல் கேடு செய்கிறது. கறுப்பு எதுவரை போகிறதோ அதையும் தாண்டி ஓர் அங்குலம் வரை துணியை நீக்கியே ஆக வேண்டும். ஹீட் கன்னால் அந்த இடத்தை மட்டும் மெதுவாகச் சூடேற்றினால் எப்பாக்ஸி இளகும்; அப்போது கூர்மையான சுரண்டியைத் துணிக்கு அடியில் நாரின் போக்கில் தள்ளினால் பட்டையாக உரிந்து வரும். புகை வரும் அளவுக்குச் சூடு கூடாது. நல்ல பிடிப்பு உள்ள இடத்தை எட்டியதும் உரிவது தானாக நின்றுவிடும். அந்த எல்லையை மதித்து அங்கேயே நிறுத்துங்கள். இருக்கைக்குக் கீழுள்ள பிரிந்த திட்டையும் பென்சில் கோடு வரை இப்படியே எடுத்துவிடுங்கள். சிலர் அதில் துளையிட்டு ஊசியால் எப்பாக்ஸி செலுத்துவார்கள். உள்ளே தூசியோ ஈரமோ இருந்தால் அது பிடிக்காது. பிடித்ததா என்று பார்க்கவும் வழியில்லை. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

உலர்த்துவதில்தான் உங்கள் பொறுமை முழுவதும் வேண்டும். கயாக்கைக் கவிழ்த்து, நிழலில், மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஊசி வகை ஈரமானி விலை அதிகமில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். கறுத்த இடத்திலும், ஈரமே படாத இடத்திலும் அளந்து இரண்டும் 12 சதவீதத்துக்குக் கீழே ஒன்றையொன்று நெருங்கி வரும்வரை எப்பாக்ஸியைத் திறக்க வேண்டாம். நம் நாட்டுக் குளிரில் இது இன்னும் முக்கியம். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. பூட்டிவைத்த ஈரம் ஜனவரியில் அந்தத் துணியை உள்ளிருந்தே நெம்பித் தள்ளும்.

கறுப்பை நீக்குவது அழகுக்காக மட்டுமே. ஆக்சாலிக் அமிலக் கரைசல் பல கறைகளை வெளுக்கச் செய்யும். ஆனால் பிறகு நிறைய நீரால் கழுவி, மறுபடியும் முழுதாக உலர்த்த வேண்டும். அதன் தூள் நச்சு என்பதால் கையுறையும் மூக்கு மூடியும் கட்டாயம். பின்முனை எப்படியும் தேயும் இடம் என்பதால், என் படகாக இருந்தால் கறுப்பை அப்படியே விட்டுவிடுவேன்.

துணியை வெட்டும் முன் விளிம்பைச் சரிவாக்க வேண்டும். 200 கிராம் துணியின் அடுக்கு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் கனம்தான். பழுதுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 12-க்கு 1 என்ற சரிவு (கனத்தைப் போல் 12 மடங்கு நீளம்) இங்கே 3 மில்லிமீட்டரிலேயே முடிந்துவிடும். அதை நம்பி நிறுத்தாமல், 80 எண் உப்புத்தாளால் சுற்றிலும் 30 அல்லது 40 மில்லிமீட்டர் வரை வார்னிஷ் முழுதும் போய்ப் பளபளப்பு மங்கும்படி தேயுங்கள். வார்னிஷின் மேல் எப்பாக்ஸி நன்றாகப் பிடிக்காது. தேய்ப்பதற்கு முன்பே சோப்பு நீரால் கழுவிவிடுங்கள். வெயில் பாதுகாப்புக்காகத் தடவிய மெழுகோ சிலிக்கோனோ இருந்தால், உப்புத்தாள் அதை நீக்காமல் எங்கும் பரப்பி வைக்கும்.

துணித் துண்டை மூலையில்லாமல் நீள்வட்டமாக வெட்டுங்கள். மூலைகள்தான் முதலில் தூக்கும். பின்முனையின் கூர்மையான வளைவுக்குத் துணியை நெசவுக்கு 45 பாகைச் சாய்வில் வெட்டினால், சேலை முந்தானை தோளில் படிவது போல மடிப்பின்றிப் படியும். நேராக வெட்டிய துணி அங்கே நிமிர்ந்து நின்று அடியில் காற்றுக் குமிழியை விடும்.

வெறும் மரம் தெரியும் இடத்துக்கு முதலில் எப்பாக்ஸியை மட்டும் தடவி ஊறவிடுங்கள். வெப்பநிலை ஏறிக்கொண்டிருக்கும் காலை நேரத்தில் இதைச் செய்தால் மரத்திலுள்ள காற்று விரிந்து வெளியேறிக் குமிழிகளாக நிற்கும். மாலையில், சூடு இறங்கத் தொடங்கிய பிறகு தடவினால் காற்று ஒடுங்கி, எப்பாக்ஸியை மரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். கலவை விகிதத்தைத் துளியும் மாற்றக்கூடாது. வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினுக்கு 205 ஹார்ட்னர் என்றால் கொள்ளளவில் 5-க்கு 1; தெளிவான பூச்சுக்கான 207 என்றால் 3-க்கு 1. வேறு நிறுவனப் பொருள்களில் 2-க்கு 1 என்றும் இருக்கும். விரைவில் இறுக வேண்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுவது பாலியெஸ்டர் பழக்கம். எப்பாக்ஸியில் அது முழுதும் இறுகாத மென்மையான பூச்சையே தரும்.

வடகரை (வான்கூவர்)

மேற்கண்டவை எல்லாவற்றோடும் உடன்படுகிறேன். பின்முனைக்கு ஒரு துண்டு போதாது, இரண்டோ மூன்றோ வேண்டும் என்பதை மட்டும் சேர்க்கிறேன். எதை முதலில் வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெரிய துண்டை முதலில் வைத்து அதன் மேல் சிறியவற்றை வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது; பழைய பரப்பைப் பற்றும் ஒட்டு மிக அகலமாகக் கிடைக்கிறது. சிறியதை முதலில் வைத்துப் பெரியதால் மூடுபவர்கள், கடைசியில் தேய்த்துச் சமன் செய்யும்போது விளிம்பு ஒன்றே ஒன்றுதான் என்கிறார்கள். அதுவும் தவறில்லை.

நான் சொல்ல வந்தது தேய்மானத்தைப் பற்றியது. இங்கே பாறைகளின் மேல் ஒட்டியிருக்கும் பார்னக்கிள் என்ற சிறு கடலுயிரிகளின் ஓடுகள் எந்தக் கண்ணாடி இழையையும் அறுத்துவிடும். கண்ணாடி இழை இழுவையில் வலியது. உராய்வில் அவ்வளவு வலியதல்ல. ஆகவே ஏராவின் கடைசி அரை மீட்டருக்குக் கிராஃபைட் பொடியும் சிலிக்கா பொடியும் கலந்த கெட்டியான எப்பாக்ஸியை, இரண்டு ஒட்டுநாடாக்களுக்கு இடையே விரலகலப் பட்டையாகப் பூசிவைக்கிறேன். தேயும்போது அந்தப் பட்டைதான் தேய்கிறது. ஆண்டு இறுதியில் மறுபடியும் பூசினால் போதும். டைனல் என்ற செயற்கை இழைத் துணியும் உராய்வுக்கு மிக நல்லது, ஆனால் எப்பாக்ஸியை நிறையக் குடித்துப் பருமனாகிவிடும். கெவ்லாரை வெளி அடுக்காகப் போட வேண்டாம். தேயத் தொடங்கியதும் பஞ்சு போலக் கிளம்பும், உப்புத்தாளுக்கும் அடங்காது.

சீடர்கீற்று

கிராஃபைட் பட்டையின் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரிக்காற்று தன் பின்முனையில் நீர் புகுந்ததைக் கண்டுபிடித்ததே, துணியும் எப்பாக்ஸியும் ஒளி ஊடுருவும்படி தெளிவாக இருந்து மரத்தின் நிறம் வெளியே தெரிந்ததால்தான். கறுப்புப் பட்டைக்கு அடியில் மரம் கறுத்தால் யாருக்கும் தெரியாது. முனையிலேயே பட்டை இருக்கட்டும். ஆனால் அது துணித் துண்டின் எல்லையைத் தாண்டிப் போகாமல், இரு பக்கமும் தெளிவான துணி தெரியும்படி குறுகலாக இருக்கட்டும். பித்தளைப் பட்டியைத் திருகாணியால் பொருத்தும் பழைய வழக்கத்தை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். ஒவ்வொரு திருகாணித் துளையும் நாரின் முனையை நோக்கித் திறந்த ஒரு வழி.

வடகரை

அது சரியான கருத்து. என் படகில் பட்டை அகலமாக இருக்கிறது. அடுத்த முறை பூசும்போது குறுக்கிவிடுகிறேன்.

இழைவேதியியல்

பூச்சுகளைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். துணி படிந்த பிறகு நெசவுப் பள்ளங்களை நிரப்ப இரண்டு மூன்று பூச்சுகள் தேவைப்படும். முந்தைய பூச்சு நகம் பதியும் நிலையில், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், அடுத்ததைப் பூசினால் இடையில் தேய்க்காமலே வேதிப் பிணைப்புக் கிடைக்கும். காலம் கடந்துவிட்டால், சில ஹார்ட்னர்கள் மேற்பரப்பில் மெழுகு போன்ற படலத்தை விடும் என்பதை மறக்கக்கூடாது. அது நீரில் கரையக்கூடியது. முதலில் வெறும் நீரும் தேய்ப்புப் பஞ்சும் கொண்டு கழுவி, பிறகே உப்புத்தாளை எடுங்கள். வரிசையை மாற்றினால் படலம் கீறல்களுக்குள் அடைந்து, வார்னிஷ் அங்கங்கே காயாமல் நிற்கும்.

கலவையை ஆழமான குவளையில் விட்டுவைக்காதீர்கள். திரண்டிருக்கும்போது தன் வெப்பத்தாலேயே சூடேறிப் புகைந்து இறுகிவிடும். கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். நைட்ரைல் கையுறை இன்றித் தொட வேண்டாம். எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடக்கூடும். தோலில் பட்டதை அசிட்டோனால் துடைப்பது அதைத் தோலுக்குள் இன்னும் கொண்டுசேர்க்கும் செயல். அரைகுறையாக இறுகிய பரப்பைத் தேய்க்கும்போது எழும் தூசியும் அதே கேட்டைச் செய்யும்.

ஏரிக்காற்று

இருக்கைக்குக் கீழே உரித்து முடித்துவிட்டேன். அங்கே மரம் வெளிர் நிறத்தில் உலர்ந்தே இருந்தது. பின்முனையில் ஈரமானி இன்னும் 17 காட்டுகிறது, நல்ல இடத்தில் 10. எனவே இருக்கை இடத்துக்கு இந்த வாரம் துணி போட்டுவிட்டு, பின்முனையை மின்விசிறியின் முன்னால் விட்டுவைக்கலாம் என்று எண்ணுகிறேன். கராஜில் இரவு வெப்பம் 12 பாகைக்கு இறங்குகிறது. வார்னிஷை எப்போது பூசலாம்?

சீடர்கீற்று

அப்படியே செய்யுங்கள். 207 ஹார்ட்னர் பயன்படுத்துவதானால் 12 பாகை குறைவு. துணி போடும் இரவும் மறுநாளும் அந்த இடத்தையாவது 16 பாகைக்கு மேல் வைத்திருக்க ஒரு மின் சூடேற்றி வேண்டும். எரிவாயுச் சூடேற்றியை மூடிய கராஜில் வைக்காதீர்கள். அது உயிருக்கும் ஆபத்து, அதன் ஈரமும் கரியமில வாயுவும் அந்த மெழுகுப் படலத்தையும் கூட்டும்.

வார்னிஷை இரண்டு இடங்களும் முடிந்த பிறகு சேர்த்தே பூசுங்கள். கடைசி எப்பாக்ஸிப் பூச்சு இறுக ஒரு வாரமேனும் விட்டு, கழுவி, 220 எண் உப்புத்தாளால் மங்கலாக்கி, ஓரிடத்தில் சிறிதளவு பூசிக் காய்கிறதா என்று பார்த்துவிட்டு முழுவதும் பூசலாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகை வார்னிஷாக இருக்க வேண்டும், ஏனெனில் வெயிலில் எப்பாக்ஸி மங்கிச் சிதையும். அதைக் காப்பது வார்னிஷ் மட்டுமே. பின்முனை 12-க்குக் கீழே வந்ததும் இங்கே தெரிவியுங்கள். 45 பாகைத் துண்டுகளின் அளவை அப்போது முனையின் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.